பியரைச் சுவைக்க அளவுகோல் உண்டு. கள்ளுக்கு ஏன் இல்லை?

கொச்சி: கொச்சி மாநகராட்சியின் தென்பகுதியில், பள்ளுருத்திக்கும் அரூருக்கும் இடையே காயலை ஒட்டி அமைந்துள்ளது இடக்கொச்சி. இங்கும், அருகிலுள்ள கும்பளங்கி உள்ளிட்ட காயல் கிராமங்களிலும் கரிமீனையும் கப்பாக் கிழங்கையும் தேடி வரும் பயணிகள் கள்ளுக்கடைகளுக்கும் செல்கின்றனர். அங்கு பரிமாறப்படும் மீன்கறியின் புளிப்பையும் காரத்தையும் பற்றி அவர்கள் விரிவாகப் பேசுவார்கள். கள்ளைப் பற்றிக் கேட்டால், "நன்றாக இருக்கிறது" அல்லது "புளித்துவிட்டது" என்ற இரண்டில் ஒன்றே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும்.

பியரின் நிலை வேறு. உலகெங்கும் நடைபெறும் பியர் போட்டிகளில் நடுவர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் 50 மதிப்பெண்களுக்கு மதிப்பீடு வழங்குகின்றனர். நறுமணம், தோற்றம், சுவை, வாயில் உணரப்படும் கனம், ஒட்டுமொத்த நிறைவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. குறை இருந்தால் அதற்கும் பெயர் உண்டு. இந்தச் சொற்களும் எண்களும் சிறிய பியர் ஆலைகள் மீண்டும் தழைப்பதற்குத் துணை நின்றன. பியருக்குச் சற்றும் குறையாத சுவை வேறுபாடுகளைக் கொண்ட கள்ளுக்கு அத்தகைய அளவுகோல் உருவாகவில்லை. கள் இறக்கும் தொழிலாளர்களின் வருவாயும் அருந்துவோரின் நம்பிக்கையும் இந்த இடைவெளியோடு தொடர்புடையவை.

பியரை எவ்வாறு மதிப்பிடுகின்றனர்?

பியர் மதிப்பீட்டில் பரவலாகப் பின்பற்றப்படும் முறைகளுள் ஒன்று, அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பியர் நடுவர் சான்றளிப்புத் திட்டமான பிஜேசிபி அமைப்பின் முறையாகும். இதில் நறுமணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10 என 50 மதிப்பெண்கள் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. 45 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெறும் பியர் மிகச் சிறந்ததாகவும், 13 மதிப்பெண்ணும் அதற்குக் கீழும் பெறுவது பெருங்குறை உடையதாகவும் கருதப்படும்.

மதிப்பீட்டின் வரிசையும் முக்கியமானது. கோப்பையில் ஊற்றியவுடன் நடுவர் முதலில் முகர்கிறார். எளிதில் ஆவியாகும் மணங்கள் சில நிமிடங்களில் மறைந்துவிடும் என்பதே காரணம். அடுத்து நிறம், தெளிவு, நுரை ஆகியவற்றைப் பார்க்கிறார். அதன் பின்னரே ஒரு மிடறு அருந்துகிறார். ஒயின் சுவைப்போர் வாயிலிட்டதைத் துப்பிவிடுவது வழக்கம். பியர் நடுவர்களோ சிறிதளவு விழுங்குவார்கள். ஹாப்ஸ் தரும் கசப்பு, விழுங்கிய பின்னர் தொண்டையில் நீடிப்பதையும் அவர்கள் கணிக்க வேண்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே தண்ணீரும் சுவையற்ற ரொட்டியும் தரப்படும். இலகுவான பியரில் தொடங்கி அடர்த்தியான, கசப்பு மிகுந்த வகைகளை நோக்கிச் செல்வர். தயாரிப்பாளர் யார் என்பது நடுவர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

பியரை உறையும் குளிரில் அருந்தும் பழக்கம் இந்த முறைக்கு எதிரானது. மிகுந்த குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும்; நாக்கையும் மரத்துப்போகச் செய்யும். குளிர் குறையக் குறையத்தான் ஒரு பியரின் நிறைகளும் குறைகளும் வெளிப்படும்.

'பிடித்திருக்கிறதா' என்பது கேள்வியல்ல

இந்த மதிப்பீட்டில் நடுவரின் தனிப்பட்ட விருப்பத்துக்கு இடம் மிகக் குறைவு. குறிப்பிட்ட பியர் எந்த வகையைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறதோ, அந்த வகையின் இலக்கணத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதே முதன்மையான கேள்வி.

பியரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு: தண்ணீர், முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ் பூக்கள், ஈஸ்ட். நொதித்தல் நடைபெறும் முறையைக் கொண்டு பியர்கள் இரு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன. சற்று உயர்ந்த வெப்பநிலையில் விரைவாக நொதிப்பவை ஏல் வகைகள். இவற்றில் பழ மணம் மேலோங்கும். குளிர்ந்த நிலையில் மெதுவாக நொதித்து, வாரக்கணக்கில் முதிர்பவை லாகர் வகைகள். இவற்றின் சுவை துலக்கமாக இருக்கும்.

இவற்றுள் பல கிளைகள் உள்ளன. இன்றைய செக் குடியரசின் பில்சன் நகரில் ஜோசப் குரோல் என்ற ஜெர்மானிய வல்லுநர் 1842ஆம் ஆண்டு தயாரித்த பொன்னிற லாகரே, பில்ஸ்னர் வகையின் தொடக்கம். இந்தியக் கடைகளில் விற்கப்படும் பெரும்பாலான பியர்கள் இதன் தொலைதூர உறவுகள் எனலாம். ஜெர்மனியின் தென்பகுதிக்குரிய கோதுமை பியரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் வீசும். அயர்லாந்தின் ஸ்டவுட் வகை வறுத்த பார்லியால் கருமையும் காபியை ஒத்த கசப்பும் பெறுகிறது.

இந்தியாவின் பெயரைத் தாங்கிய வகையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்து, கிழக்கிந்திய நிறுவனத்தின் கப்பல்கள் வழியாக வெளிர்நிற ஏல் இந்தியாவுக்கு வந்தது. 1820களில் பர்ட்டன் நகர ஆலைகளும் இந்த வணிகத்தில் இறங்கின. நுண்ணுயிர்களைக் கட்டுப்படுத்தும் ஹாப்ஸ் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதால், மாதக்கணக்கான கடற்பயணத்தை அது தாங்கியது. பின்னாளில் 'இந்தியா பேல் ஏல்' எனப் பெயர் பெற்ற இவ்வகை, இன்று ஐபிஏ என்ற சுருக்கத்தால் உலகெங்கும் அறியப்படுகிறது.

ஒவ்வொரு வகைக்கும் எண்ணளவிலான எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. கசப்பை அளக்க ஐபியு என்ற அலகு பயன்படுகிறது. பிஜேசிபி அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி, ஜெர்மன் கோதுமை பியரின் கசப்பு 8 முதல் 15 ஐபியு வரை இருக்கலாம். அமெரிக்க ஐபிஏ வகைக்கு இது 40 முதல் 70 வரை. ஆகவே கசப்பில்லாத ஐபிஏ குறையுடையது. கசக்கும் கோதுமை பியரும் குறையுடையதே.

குறைகளுக்கும் பெயர் உண்டு

1970களில் டென்மார்க்கில் பிறந்த வேதியியலாளர் மார்ட்டன் மீல்கார்ட், பியரில் உணரப்படும் மணங்களையும் சுவைகளையும் ஒரு வட்டத்தில் வகைப்படுத்தினார். 'சுவைச் சக்கரம்' என அறியப்படும் அந்த வரைபடம், நாடு விட்டு நாடு சென்றாலும் ஒரே சொல் ஒரே பொருளைக் குறிப்பதற்கு வழி செய்தது.

எடுத்துக்காட்டாக, வெண்ணெய் மணம் வீசினால் அது டைஅசெட்டைல் என்ற சேர்மத்தின் அறிகுறி. நொதித்தல் முழுமை பெறும் முன்பே பியர் பிரித்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும். பச்சை ஆப்பிளின் மணம் அசெட்டால்டிஹைடைக் காட்டும். நனைந்த அட்டைப் பெட்டியின் வாடை வந்தால், காற்றுப் பட்டுப் பியர் பழையதாகிவிட்டது எனப் பொருள். வெயில் பட்ட பாட்டிலில் விரும்பத்தகாத நெடி எழும். பியர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் தயாரிக்கப்படுவதற்கு அதுவே காரணம்.

ஒரே மணம் ஓரிடத்தில் நிறையாகவும் வேறோரிடத்தில் குறையாகவும் அமைவதுண்டு. கோதுமை பியரில் பாராட்டப்படும் வாழைப்பழ மணம் பில்ஸ்னரில் பிழையாகக் கொள்ளப்படும். பெரும்பாலான பியர்களில் கெட்டுப்போனதன் அடையாளமான புளிப்பு, பெல்ஜியத்தின் லாம்பிக் வகைக்கு அணிகலன். எந்த வகை என்று முதலில் அறிவிக்காமல் குறை கூற இயலாது என்பதே இம்முறையின் அடிப்படை.

சொற்கள் தொழிலைக் காத்த வரலாறு

இந்த அளவுகோல்கள் வெறும் பொழுதுபோக்காக உருவானவை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய நிறுவனங்கள் சிறிய ஆலைகளை விழுங்கியதால், பல நாடுகளில் பியர் ஒரே சுவைக்குச் சுருங்கியது. அமெரிக்காவில் 1970களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவான ஆலைகளே எஞ்சியிருந்தன.

பிரிட்டனில் மரபான ஏல் வகைகளைக் காப்பதற்காக 1971ஆம் ஆண்டு 'காம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம் தோன்றியது. 1977ஆம் ஆண்டு வெளிவந்த 'உலக பியர் வழிகாட்டி' என்ற நூல், பியர்களை நாடு வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்து விளக்கியது. அதன் ஆசிரியரான பிரிட்டன் இதழாளர் மைக்கேல் ஜாக்சன், அதே பெயர் கொண்ட பாடகருக்குத் தொடர்பில்லாதவர். அழிவின் விளிம்பில் இருந்த பல வகைகளுக்கு அந்நூல் புதிய தேவையை உருவாக்கித் தந்தது. 1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கான தடை நீக்கப்பட்டபோது, புதிய தயாரிப்பாளர்களுக்குப் பின்பற்றத்தக்க முன்மாதிரிகள் கைவசம் இருந்தன. தற்போது அங்கு 9,000க்கும் மேற்பட்ட ஆலைகள் இயங்குகின்றன.

இந்தியாவில் இந்த அலை தாமதமாக வந்தது. புனேயில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டூலாலி, நாட்டின் தொடக்ககால மைக்ரோ புரூவரிகளுள் ஒன்று. அடுத்த சில ஆண்டுகளில் பெங்களூரு இத்துறையின் முக்கிய மையமாக வளர்ந்தது. அங்கு ஒரே மேசையில் சிறு கோப்பைகளில் நான்கைந்து வகைகளை ஒப்பிட்டுச் சுவைப்பது இளைஞர்களிடையே இயல்பாகிவிட்டது.

மது, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். எனவே எல்லை தாண்டினால் விதியும் மாறும். கேரளத்தில் 2018ஆம் ஆண்டு மூன்று பியர் ஆலைகளுக்கும் ஒரு வடிப்பாலைக்கும் அளிக்கப்பட்ட கொள்கை அளவிலான அனுமதி, அரசியல் எதிர்ப்பைத் தொடர்ந்து அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் வசம் உள்ளது. பெங்களூருவில் கிடைக்கும் கிராஃப்ட் பியர் அனுபவம் கொச்சியில் வேரூன்றவில்லை. ஆனால் சிறிய அளவில், உள்ளூர் மூலப்பொருளைக் கொண்டு, கைத்திறனால் உருவாகும் பானம் என்பதே கிராஃப்ட் என்ற சொல்லின் பொருளானால், அது இடக்கொச்சியைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

மரத்தின் உச்சியில் ஒரு நொதிப்பாலை

அறிவியல் நோக்கில் கள் பியர் அல்ல. பியரில் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற வேண்டும். கள்ளிலோ சர்க்கரை பாளையிலேயே உள்ளது. விரியாத தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவும்போது அதிலிருந்து சாறு சொட்டுகிறது. கலயத்தில் விழும்போது அது தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுப் பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனடியாக வேலையைத் தொடங்குகின்றன.

இந்த நொதித்தல் மூன்று நிலைகளில் நடைபெறுகிறது. முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மென்மையான புளிப்பைத் தருகின்றன. அதனுடன் ஈஸ்ட்டும் வேறு சில பாக்டீரியாக்களும் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. சாறு பால்போல் வெண்மையாகி நுரைக்கிறது. இறுதியில் அசெட்டிக் அமில பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை வினிகராக மாற்றத் தொடங்குகின்றன. ஓரிரு நாட்களுக்குள் இந்தப் பயணம் முழுவதும் முடிந்துவிடும்.

பியர் உலகில் இதற்கு மிக நெருங்கிய உறவு லாம்பிக். பிரசெல்ஸ் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆலைகளில், ஈஸ்ட் எதுவும் சேர்க்கப்படாமல், திறந்த தொட்டிகளில் இரவுக் காற்றின் நுண்ணுயிர்களைக் கொண்டே அது நொதிக்க வைக்கப்படுகிறது. அந்தப் புளிப்புப் பியரை அருந்துவதற்கென்றே தொலைநாடுகளிலிருந்து ஆர்வலர்கள் பயணம் செய்கின்றனர். லாம்பிக் முதிர மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். கள்ளுக்கு அந்த அவகாசம் மணிக்கணக்கில் மட்டுமே கிடைக்கிறது.

கள்ளை அதே தாளில் மதிப்பிட்டால்

பியர் நடுவரின் தாளைக் கள்ளின் முன் வைத்தால், அதன் ஐந்து தலைப்புகளும் பொருந்துகின்றன. தோற்றத்தில் வெண்மையின் அடர்த்தி, நுரையின் அளவு, அடியில் தங்கும் மண்டி ஆகியவற்றைக் கவனிக்கலாம். மணத்தில் இளநீரின் நினைவு, ஈஸ்ட் வாடை, பழ மணம், வினிகர் நெடி ஆகியவற்றைப் பிரித்தறியலாம். சுவையில் இனிப்பும் புளிப்பும் எவ்வாறு ஈடுகட்டிக்கொள்கின்றன என்று பார்க்கலாம். வாயுணர்வில் வாயுவின் குறுகுறுப்பும் கனமும் அடங்கும்.

கள்ளின் வகைகளை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, மரம். கேரளத்தில் தென்னை, பனை, கூந்தற்பனை ஆகிய மூன்றிலிருந்தும் கள் இறக்கப்படுகிறது. மூன்றின் சுவையும் வேறு. இரண்டாவது, இறக்கிய நேரம். காலையில் இறக்கிய கள்ளும் மாலையில் இறக்கிய அந்திக்கள்ளும் ஒன்றல்ல. மூன்றாவது, இறக்கியதிலிருந்து கடந்துள்ள நேரம். இனிப்பு மாறாத இளங்கள்ளுக்கு மதுரக்கள் என்றும், நொதித்து முறுகியதற்கு மூத்த கள் என்றும் மலையாளத்தில் தனிப் பெயர்களே உள்ளன. வகைப்படுத்தலுக்கான அடித்தளம் பேச்சு வழக்கில் முன்பே இருக்கிறது. அதை எழுத்தில் வகுத்து, எல்லை குறித்து, பயிற்சியாக்கும் பணியே எஞ்சியுள்ளது.

இதன் நுட்பத்தைச் சமையலறை அறிந்தே வைத்துள்ளது. கள்ளப்பத்துக்கு மாவு பொங்க எந்த நிலையிலுள்ள கள் வேண்டும் என்பதும், எது புளித்து வினிகருக்கு மட்டுமே பயன்படும் என்பதும் அங்குள்ள வீடுகளில் தலைமுறைகளாகக் கைமாறி வந்த அறிவு.

அளவுகோல் இல்லாததன் விலை

கள்ளை அரசு அளக்காமல் இல்லை. கேரள விதிகள் தென்னங்கள்ளில் இருக்கக்கூடிய ஆல்கஹாலுக்கு 8.1 சதவீதம் என உச்சவரம்பு வகுத்தன. கலப்படப் பொருள்கள் உள்ளனவா என்பதும் ஆய்வகங்களில் பரிசோதிக்கப்படுகிறது. ஆனால் இவை ஒரு கள் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதை மட்டுமே கூறுகின்றன. அது நல்ல கள்ளா என்பதைக் கூறுவதில்லை.

தரத்துக்குப் பெயர் இல்லாதபோது, விற்பனையில் எஞ்சுவது அளவும் போதையும் மட்டுமே. காலையில் கவனமாக இறக்கப்பட்ட கள்ளுக்கும், நீரும் இனிப்பூட்டியும் சேர்த்துப் பெருக்கப்பட்ட கள்ளுக்கும் ஒரே விலை என்றால், இரண்டாவதே லாபம் தரும். மாநிலத்தின் பல மாவட்டங்களுக்குப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பகுதியிலிருந்து கள் கொண்டு செல்லப்படுகிறது. நொதித்தல் நிற்காத ஒரு பானத்துக்கு அத்தகைய பயணம், சுவையையும் கலப்படக் கண்காணிப்பையும் ஒருசேரச் சோதிப்பதாகும்.

கலப்படம் உயிரையும் பறித்துள்ளது. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளை அருந்திய 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மெத்தனாலை மூக்காலோ நாக்காலோ கண்டறிய முடியாது. ஆய்வகத்தால் மட்டுமே முடியும். எவ்வளவு தேர்ந்த சுவைஞரும் அதற்கு மாற்றாக மாட்டார். சுவை அளவுகோலின் பயன் வேறு வகையானது. எந்த மரத்தில் எப்போது இறக்கிய கள் என்பதை அறிந்து கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால், மூலம் தெரியாத சரக்குக்குச் சந்தையில் இடம் குறையும்.

தொழிலாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாள்தோறும் மரமேறும் இத்தொழில் ஆபத்தானது. தவறி விழுந்து உடலுறுப்புகளை இழந்தோர் பலர். கேரளத்தில் கள் தொழிலாளர்களுக்கென 1969ஆம் ஆண்டிலேயே நல நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. இருப்பினும் புதிய தலைமுறையினர் இத்தொழிலுக்கு வரத் தயங்குகின்றனர். பாளையைத் தட்டுவதிலும் சீவுவதிலும் கலயத்தைத் தூய்மையாக வைப்பதிலும் உள்ள திறன் கள்ளின் சுவையில் வெளிப்படுகிறது. அந்தச் சுவைக்குத் தனி மதிப்பு கிடைக்காதவரை, அந்தத் திறனுக்கும் தனி ஊதியம் கிடைப்பது கடினம்.

முன்மாதிரிகள் உண்டா?

உள்நாட்டிலேயே உண்டு. கோவாவின் முந்திரி ஃபெனி 2009ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அசாமின் திமாசா சமூகத்தினர் அரிசியிலிருந்து தயாரிக்கும் ஜுடிமா 2021ஆம் ஆண்டு அதே தகுதியைப் பெற்றது. புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பானம் எது, எங்கு, எப்படித் தயாரிக்கப்படுகிறது, அதன் தனித்தன்மை யாது என்பவற்றை எழுத்தில் வரையறுக்க வேண்டும். சுவை இலக்கணத்தின் முதல் படி அதுவே.

கேரள அரசும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளது. கள் தொழில் மேம்பாட்டு வாரியம் அமைப்பதற்கான சட்டம் 2021ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2023ஆம் ஆண்டு வெளியான மதுக்கொள்கையில், 'கேரளக் கள்' என்ற பெயரில் கள்ளைத் தனி முத்திரையுடன் முன்னிறுத்தவும், மூன்று நட்சத்திரத் தகுதியும் அதற்கு மேலும் உள்ள விடுதிகள் தங்கள் வளாகத்து மரங்களிலிருந்து கள் இறக்கி விருந்தினர்களுக்கு வழங்கவும் வழிவகை செய்யப்படும் என அறிவிக்கப்பட்டது. முத்திரைக்குப் பின்னால் தர வரையறை இருந்தால்தான் பெயர் நிலைக்கும் என்பது பியரின் வரலாறு உணர்த்தும் செய்தி.

இயற்கை தரும் சிக்கலும் உள்ளது. பியரைப் பாட்டிலில் அடைத்து ஆயிரம் மைல் தொலைவில் உள்ள நடுவருக்கு அனுப்பலாம். கள்ளை அனுப்பினால் சென்று சேர்வது வேறொரு பானமாகவே இருக்கும். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், பாளையிலிருந்து வடியும் சாற்றைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் சேகரித்து, நொதிக்காத 'கல்பரசா' பானமாகப் பாதுகாக்கும் முறையை உருவாக்கியுள்ளது. அது நொதித்தலைத் தடுப்பதற்கான வழி. நொதித்த கள்ளை மதிப்பிட வேண்டுமெனில், நடுவர்தான் கள் இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும்.

மறுபக்கத்தின் வாதம்

கள்ளைப் போற்றுவதற்கு எதிரான குரல் கேரளத்தில் வலுவானது. அதற்கு ஆழ்ந்த வரலாறும் உண்டு. கள் இறக்கும் தொழிலுடன் பிணைக்கப்பட்ட ஈழவர் சமூகத்தில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவை நஞ்சு எனக் குறிப்பிட்டு, அதைத் தயாரிப்பதும் கொடுப்பதும் அருந்துவதும் கூடாது என அறிவுறுத்தினார். அத்தொழிலைச் சாதி இழிவின் அடையாளமாகச் சுமந்த ஒரு சமூகத்தின் விடுதலைக் குரல் அது. சாராயத்துக்கு 1996ஆம் ஆண்டு மாநிலம் முழுவதும் விதிக்கப்பட்ட தடை இன்றும் நீடிக்கிறது. மது அருந்துவதற்கான குறைந்தபட்ச வயது 23. தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு முதல் கள் இறக்கவே தடை உள்ளது. அதை நீக்கக் கோரிப் பனைத் தொழிலாளர்களும் விவசாயிகளும் தொடர்ந்து போராடி வருகின்றனர்.

மருத்துவத் தரப்பின் நிலைப்பாடும் தெளிவானது. பாதுகாப்பான அளவு என மதுவில் எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிக்கும் முதல் பிரிவுப் பொருள்களுள் ஒன்றாக, அந்த அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. இது பியருக்கும் பொருந்தும், கள்ளுக்கும் பொருந்தும். சிறிய ஆலையில் தயாரிக்கப்பட்டது என்பதாலோ மரத்திலிருந்து இறங்கியது என்பதாலோ ஆல்கஹாலின் தன்மை மாறுவதில்லை.

எனினும், சுவையை மதிப்பிடுவதும் மிகுதியாக அருந்துவதும் ஒன்றல்ல. நடுவரின் கோப்பையில் ஊற்றப்படுவது சில மிடறுகள் மட்டுமே. போதை ஏறினால் மூக்கும் நாக்கும் பயனற்றுப்போகும் என்பதால் அளவு குறைவதே அவருக்கு நல்லது. சட்டம் அனுமதிக்கும் ஒரு பானம் விற்கப்படும்வரை, அது என்ன என்பதை அறியும் உரிமை வாங்குபவருக்கும், அதன் தரத்துக்கேற்ற விலை பெறும் உரிமை உழைப்பவருக்கும் உண்டு.

அதற்கு 50 மதிப்பெண் தாள் உடனடித் தேவையல்ல. எந்த மரம், எந்த ஊர், எத்தனை மணிக்கு இறக்கியது ஆகிய மூன்று விவரங்கள் ஒவ்வொரு கள்ளுக்கடையிலும் நாள்தோறும் எழுதி வைக்கப்பட்டால், காலைக் கள்ளையும் அந்திக்கள்ளையும் அறிந்தே ஒப்பிடும் பழக்கம் தோன்றும். பியர் வகைகளின் இலக்கணமும் அத்தகைய ஒப்பீடுகளிலிருந்தே எழுதப்பட்டது.